துவர்க்கும் மூலக்கூறுகள்

பழனி மலையின் மேல்தட்டில், புல்வெளி ஓரத்திலும் சோலை விளிம்பிலும் புதர் புதராக வளர்வது தவிட்டுப்பழச் செடி. ரோஸ் நிறத்தில் பூக்கும். பழம் நன்றாகக் கனிந்தால் கருநீலமாகி உள்ளே தித்திக்கும். அவசரப்பட்டு அரைப்பழத்தைக் கடித்தவருக்குத்தான் அதன் மறுபக்கம் தெரியும். நாக்கு சொரசொரத்துப் போகும், கன்னத்தின் உட்புறம் பல்லோடு உரசும், வாயில் எச்சிலே இல்லாத மாதிரி இருக்கும். எச்சில் எங்கும் போய்விடவில்லை. அதிலுள்ள வழவழப்பான புரதங்களைப் பழத்திலிருந்து வந்த மூலக்கூறுகள் பற்றி இழுத்துத் திரிதிரியாகக் கட்டிவிட்டன. வழவழப்பு போனதும் வாய் வறண்டுவிட்டதாக உணர்கிறோம். துவர்ப்பை நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணி வந்திருக்கிறோம். உடலியலாரைக் கேட்டால், அதில் பெரும்பகுதி சுவையே அல்ல, தொடு உணர்ச்சி என்பார்கள்.

புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும் இந்தக் குணத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். நுரையீரல் புற்றுநோய்க்கு மலைச்செடிகளில் மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆய்வகங்களில் எழுந்ததற்கும், அங்கிருந்து வெளியே வந்ததும் அது தடுமாறியதற்கும் இதில் பெரும்பங்கு உண்டு.

இந்தக் குணத்தின் தடம் முதலில் மலையிலேயே தெரியும். கொடைக்கானலுக்கு வண்டி ஏறுகிறவர்கள் காடு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்வதில் நிறைய இடங்கள் காடே அல்ல. வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டு வளர்த்த தோப்புகள். வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் மலைக்கு வந்தது, விடுதலைக்குப் பிறகு புல்வெளிகள் மேல் பெரும்பரப்பில் நடப்பட்டது. அதன் பட்டையில் தோல் பதனிடும் சரக்கு இருக்கிறது என்பது ஒரு முக்கியக் காரணம். மலையடிவாரத்தில் திண்டுக்கல்; அங்கே தோல் பதனிடும் ஆலைகள். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் ‘தோல்’ என்று நாவலாக எழுதி 2012-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வாட்டில் வருவதற்கு முன்பு தென்னாட்டுத் தோலுக்கு ஆவாரம்பட்டைதான் சரக்கு. இரண்டு பட்டைகளிலும் இருப்பது டானின். ஃபிளேவனாய்டு அலகுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலி அது. ஊறப்போட்ட ஆட்டுத்தோலில் கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு நடுவே இது புகுந்து, இழையோடு இழையைப் பிணைத்துவிடும். பிறகு பாக்டீரியாவின் நொதிகளுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு நாளில் நாற வேண்டிய தோல் செருப்பாகிப் பல ஆண்டுகள் உழைக்கிறது. ஆலைகளில் பெரும்பாலானவை பின்னால் குரோமியத்துக்கு மாறிவிட்டன. மரம்தான் மலையை விட்டு இறங்க மறுக்கிறது. புல்வெளியை விழுங்கியபடி பரவிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலக்கூறின் ஒட்டும் குணத்துக்காக ஒரு மலையின் நிலப்பரப்பையே மாற்றியிருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

ஃபிளேவனாய்டின் எலும்புக்கூட்டில் பதினைந்து கார்பன் அணுக்கள். இரண்டு அறுகோண வளையங்கள், அவற்றை இணைக்கும் மூன்று கார்பன் பாலம், அவ்வளவுதான். வளையத்தின் ஓரங்களில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குழுக்கள் எங்கெங்கே தொங்குகின்றன, சர்க்கரை ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஆயிரக்கணக்கான வகைகள். வெங்காயத்தில் குவெர்செட்டின், ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின், சோயாவில் ஜெனிஸ்டீன், தேயிலையில் கேட்டச்சின்கள். குறிஞ்சிப் பூவுக்கு ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். அதுவும் இந்தக் குடும்பம்தான். 2018-ல் குறிஞ்சி பூத்து மலைச்சரிவுகள் நிறம் மாறிக் கிடந்தபோது நாம் பார்த்துவிட்டு வந்தது ஃபிளேவனாய்டைத்தான்.

செடி இதை எதற்காகச் செய்கிறது? பூவுக்கு நிறம் என்பது ஒரு காரணம். அதைவிட அவசரமான காரணம் வெயில். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். கொடைக்கானலில் குளிர் அடிப்பதால் வெயில் உறைப்பதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் மூக்கு கறுத்திருப்பது தெரியும். 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் வானாய்வகம் 1901 முதல் சூரியனைக் கண்காணித்து வருகிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். அதே சூரியனுக்குக் கீழே நாள் முழுக்க ஓட முடியாமல் நிற்கும் இலை என்ன செய்யும்? மேல்தோல் செல்களில் ஃபிளேவனாய்டை நிரப்பிக்கொள்ளும். அது புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். சோலை மரங்கள் துளிர்விடும் காலத்தில் காட்டின் கூரை செம்பு நிறத்தில் தகதகக்குமே, பச்சையம் தேறாத இளந்தளிரின் ஆந்தோசயனின் நிறம் அது. 1993-ல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில், ஃபிளேவனாய்டு செய்யத் தெரியாத ஒரு ரகத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அண்டைச் செடிகள் தாங்கிய கதிரை அதனால் தாங்க முடியவில்லை.

ஆக, இது செடி தனக்காகச் செய்துகொண்டது. நம் நுரையீரலை நினைத்து அல்ல. இதைச் சொல்வதால் செடியில் மருந்து கிடையாது என்று ஆகாது. தனக்காகச் செய்துகொண்ட பொருள் பிறருக்கு மருந்தான கதைகள் ஏராளம். ஆனால் ‘இயற்கை நமக்காகவே வைத்திருக்கிறது’ என்று தொடங்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மேலே படிக்கலாம்.

நுரையீரல் புற்றுநோய் ஆய்வு என்றால் ஏ549 என்ற பெயர் அடிக்கடி வரும். 1972-ல், ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவை. அந்த வம்சம் இன்றும் உலகமெங்கும் ஆய்வகக் குப்பிகளில் பெருகிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களிலும் உண்டு. வேலை நடக்கும் விதம் இதுதான். மலையில் ஒரு செடியைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு இறக்குவார்கள். அதில் ஃபிளேவனாய்டு இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு, தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, குழிக்குக் குழி சாற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுநாள் மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த செல்லால் முடியாது. எந்த அளவில் ஊதா பாதியாகக் குறைகிறதோ அந்த எண் கட்டுரையின் சுருக்கத்தில் ஏறும். அடுத்த வாரம் செய்தித்தாளில், கொடைக்கானல் மூலிகை புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று வரும்.

எண் பொய்யல்ல. செல் செத்தது உண்மை. எதனால் செத்தது என்பதில்தான் சங்கடம். முதலில், அந்த ஒட்டும் குணம். வாட்டில் பட்டை எந்த ஆட்டின் தோல் என்று பார்த்துப் பிடிப்பதில்லை. குவெர்செட்டினும் அதன் உறவுகளும் பரிசோதனைக் குழாயில் ஏகப்பட்ட நொதிகளைப் பிடித்து நிறுத்தும். ஒரு நொதியை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் பொருளைத் தேடுகிற மருந்தாளருக்கு, எல்லாவற்றையும் தடுக்கும் பொருள் கிடைத்தால் எரிச்சல்தான் வரும். 2010-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜொனதன் பெய்லும் ஜோர்ஜினா ஹாலோவேயும், பரிசோதனையை ஏமாற்றும் மூலக்கூறு வடிவங்களைத் திரட்டி ஒரு வடிகட்டியே வெளியிட்டார்கள். கேட்டக்கால் என்ற வளையத்துண்டு அதில் ஒன்று. பல ஃபிளேவனாய்டுகளில் இந்தத் துண்டு உண்டு. இரண்டாவது சங்கடம் இன்னும் வேடிக்கை. தேயிலைக் கேட்டச்சின் போன்றவற்றைச் செல் வளர்க்கும் திரவத்தில் போட்டு வைத்தால், காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும் என்று பாரி ஹாலிவெல் குழுவினர் 2000-ல் காட்டினார்கள். காயத்தில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிற அதே சரக்கு. செல்லைக் கொன்றது செடியா, பெராக்சைடா என்று பார்க்காமல் எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது அளவு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். தட்டில் குவெர்செட்டின் வேலை செய்யும் அளவு என்று கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் இருபதிலிருந்து நூறு மைக்ரோமோலார். ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குப் பதினைந்து மில்லிகிராம். இனி மனிதரிடம் வருவோம். நமக்குச் சுலபமாகக் கிடைப்பதில் குவெர்செட்டின் நிறைந்தது வெங்காயம். நெதர்லாந்தில் பீட்டர் ஹோல்மன் குழுவினர் 1997-ல் தன்னார்வலர்களுக்கு வெங்காயம் கொடுத்து இரத்தத்தை அளந்தார்கள். அறுபத்தெட்டு மில்லிகிராம் குவெர்செட்டின் உள்ளே போனது. இரத்தத்தில் உச்சமாக ஏறியது லிட்டருக்குக் கால் மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. தட்டில் இருந்த அளவுக்கு ஏறத்தாழ அறுபது, எழுபது மடங்கு கீழே. ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டையாக வாங்கி ஒரே வேளையில் தின்றாலும் ஈடுகட்ட முடியாது. உள்ளே போனதும் அதே உருவில் இருப்பதில்லை. குடல் சுவரும் ஈரலும் அதன் ஒட்டும் முனைகளில் சர்க்கரை அமிலத்தையும் சல்ஃபேட்டையும் மாட்டி, சிறுநீரில் போகத் தோதாக ஆக்கிவிடும். மிச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்துத் தின்னும். நுரையீரலுக்குப் போய்ச் சேர்வது தட்டில் ஊற்றிய பொருளே அல்ல, அதன் மாற்றுரு.

இவ்வளவும் தாண்டி, ஃபிளேவனாய்டுகளில் ஃபிளேவோன் என்ற வகையைச் சேர்ந்த ஒன்று மருத்துவமனை வரை போனது. அதன் வேர் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்தில் இருக்கிறது. டைசாக்சிலம் பைநெக்டாரிஃபெரம் என்று பெயர்; வேப்பமரக் குடும்பம்; நம் காட்டு வெள்ளை அகிலுக்கு நெருங்கிய உறவு. மும்பையில் ஹோக்ஸ்ட் இந்தியா நிறுவனத்தின் ஆய்வகத்தில், அழற்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர்கள் அந்த மரப்பட்டையிலிருந்து ரோஹிடுகின் என்ற பொருளைப் பிரித்து 1988-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் அமைப்பை மாதிரியாக வைத்து, குளோரின் தாங்கிய வளையம் ஒன்றைப் பொருத்தி, முழு ஃபிளேவோனாகச் செய்துகொண்டார்கள். அதற்கு ஃபிளேவோபிரிடால் என்று பெயர். செல் பிளவுபட வேண்டுமானால் சிடிகே என்ற நொதிகள் வரிசையாகப் பச்சைக்கொடி காட்ட வேண்டும். அந்தக் கொடியை இறக்குகிற ஆற்றல் ஃபிளேவோபிரிடாலுக்கு இருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆர்வத்தோடு கையிலெடுத்தது. சிடிகே தடுப்பான் என்ற வகையில் மனிதருக்குச் செலுத்தப்பட்ட முதல் பொருள் இதுதான். ஏ549 போன்ற நுரையீரல் செல்கள் தட்டில் மடிந்தன.

நோயாளிகளிடம் நடந்தது வேறு. முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட இருபது பேருக்கு, மூன்று நாள் தொடர்ந்து சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்த சோதனையின் முடிவு 2001-ல் வந்தது. ஒருவருக்கும் கட்டி கணக்கில் எடுக்கிற அளவுக்குச் சுருங்கவில்லை. வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

ஏன்? விடை கொஞ்ச காலம் கழித்துத் தெரிந்தது. ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் திரவத்தில் பத்து சதவீதம் போலக் கன்றுக்குட்டிச் சீரம் கலப்பது வழக்கம். அந்தத் திரவத்தில் புரதம் குறைவு. மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலுவும் குறைவு. மனித இரத்தப் புரதங்களோ ஃபிளேவோபிரிடாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பற்றிக்கொண்டன. செல்லுக்கு மிஞ்சியது சொச்சம். எச்சிலில் நடந்தது, தோல் தொட்டியில் நடந்தது, இங்கே இரத்தக் குழாய்க்குள் நடந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் ஜான் பேர்டு குழுவினர் மருந்தைச் செலுத்தும் விதத்தை மாற்றினார்கள். முதல் அரை மணியில் ஒரு பெரும் பங்கு, அதாவது புரதங்களுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடுவது. பிறகு நான்கு மணி நேரம் மிச்சம். நாட்பட்ட நிணநீர்ச்செல் இரத்தப் புற்றுநோயில் இது 2007-ல் பலித்தது. பலித்த வேகத்தில் சிலருக்குப் புற்றுசெல்கள் கூட்டமாகச் செத்து, கழிவு இரத்தத்தில் நிறைந்து, டயாலிசிஸ் வரை போக நேர்ந்தது. வேலை செய்யாத மருந்து என்று ஒதுக்கப்பட்டது, போதிய அளவு சேராத மருந்தாக இருந்திருக்கிறது. ஆனாலும் நுரையீரலுக்கு அது மருந்தாகவில்லை, கடைக்கும் வரவில்லை. அது திறந்துவிட்ட வழியில் வேறு வடிவில் செய்யப்பட்ட சிடிகே தடுப்பான்கள் வந்தன. அவற்றில் ட்ரைலாசிக்லிப் என்பது, சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்களின் எலும்பு மஜ்ஜையைக் காக்க 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரப்பட்டைக்கும் இதற்கும் வேதியியல் உறவு இல்லை. இலக்கு மட்டும் ஒரே குடும்பம்.

செடியிலிருந்து நுரையீரலுக்கு மருந்தே வரவில்லையா என்றால், வந்திருக்கிறது, பெரிதாகவே. ஆனால் அவை ஃபிளேவனாய்டு அல்ல, ஆல்கலாய்டு. சமவெளியில் மானாவாரி நிலத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் சரக்கை மாற்றியமைத்துச் செய்த வினோரெல்பின், நுரையீரல் புற்றுநோய்க்கு ஊசியாகப் போகிறது. சீன மரம் ஒன்றிலிருந்து வால், வானி என்ற வேதியியலாளர்கள் 1966-ல் பிரித்த கேம்ப்டோதெசின், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நாற்றமடிக்கும் சிறுமரமான மாப்பியாவில் இருக்கிறதென்று 1972-ல் காட்டியவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர். கேம்ப்டோதெசினிலிருந்து பிறந்த டோபோடெகான் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அந்தச் சிறுமரம் அதற்கு விலை கொடுத்தது. மகாராஷ்டிரக் காடுகளில் கண்மண் தெரியாமல் வெட்டினார்கள். இந்த ஆல்கலாய்டுகள் செல்லுக்குள் ஒரே ஒரு இடத்தைத் தேடிப்போய்ப் பிடிக்கும். வினோரெல்பின் என்றால் செல் பிளவுக்கான இழைகளை. டோபோடெகான் என்றால் டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் நொதியை. ஃபிளேவனாய்டிடம் இல்லாதது அந்த ஒருமுனைப்பு.

அப்படியானால் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் ஏழு ரோட்டிலும் பழம் விற்பவர்களின் பேச்சு? “இது கேன்சருக்கு நல்லதாம்லக்கா?” என்று கேட்டால், “எல்லாத்துக்கும் நல்லதுப்பா, ரெண்டு கிலோவா போட்டுக்க” என்பதுதான் பதில். அந்த அக்காளுக்குக் கொஞ்சம் ஆதரவு ஃபின்லாந்திலிருந்து உண்டு. அங்கே 9,959 பேரை இருபதாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, 1997-ல் பால் க்னெக்ட் குழுவினர் வெளியிட்ட கணக்கில், ஃபிளேவனாய்டு அதிகம் உண்ட கால்பங்கினருக்கு, மிகக் குறைவாக உண்ட கால்பங்கினரைவிட நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதிதான் வந்திருந்தது. ஆப்பிள் அதில் முக்கியம். மலையில் விற்கும் பேரிக்காய் அதன் பங்காளிதானே என்று நாமும் ஆசைப்படலாம். ஆனால் ஆப்பிள் தின்கிறவர் எப்படிப்பட்டவர்? அவர் குறைவாகப் புகைப்பார், சீக்கிரம் நிறுத்துவார், காய்கறியும் சேர்ப்பார். புகைப்பழக்கத்தைக் கணக்கில் கழித்தாலும் முழுக்கக் கழியாது.

இந்தச் சந்தேகம் வறட்டுச் சந்தேகம் அல்ல. காய்கறி, பழம் தின்கிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்ற இதே வகைக் கணக்கை நம்பித்தான், கேரட்டின் பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கி ஃபின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். கரோட்டின் ஃபிளேவனாய்டு அல்ல. ஆனால் வாதம் அதே வாதம். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் கூட. அதை 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். பழத்தைத் தின்பது வேறு, பழத்திலிருந்து ஒன்றைப் பிரித்துப் பல மடங்காக்கிப் புகைப்பவர் நுரையீரலுக்குள் அனுப்புவது வேறு.

திண்டுக்கல் மாவட்டத்தில் இதைப் பேசும்போது மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மலையிலிருந்து இறங்கினால் சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சுற்றிலும் விளைவது பெரும்பாலும் மெல்லும் புகையிலை. அந்த இலையிலும் ஃபிளேவனாய்டு உண்டு. ருட்டின் என்று பெயர். குவெர்செட்டினோடு சர்க்கரை சேர்ந்தது. மூலிகைக் கட்டுரை எழுதுவதானால் புகையிலைக்கும் ஒன்று எழுதிவிடலாம். ஆனால் இலையை எரித்தால் ருட்டின் போன்ற பொருள்கள் சிதைந்து கேட்டக்கால் ஆகிப் புகையில் ஏறும். புகையின் பென்சோபைரீன் டிஎன்ஏவைக் கெடுக்கும்போது அதற்குத் துணை போவது இந்தக் கேட்டக்கால். பரிசோதனையில் நம்மை ஏமாற்றிய அதே வளையத்துண்டுதான், தனியாகப் பிரிந்து வந்திருக்கிறது. மலைக்கிராமத்துச் சமையலறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூம்பாறை, கவுஞ்சிப் பக்கம் குளிருக்கு விறகடுப்பு அணையாது. விறகில் வாட்டிலும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு எரிக்கும் விறகுப் புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. பீடி பிடிக்காத பெண்களுக்கு நோய் வரும்போது மருத்துவர் அடுப்பைப் பற்றியும் கேட்பது இதனால்தான்.

கடைசியாக, நோய் வந்துவிட்ட வீட்டுக்கு ஒரு விஷயம். புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் பலருக்கு இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் பிழை இருக்கும். அவர்களுக்கு எர்லோட்டினிப், கெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் தினமும் உண்டு. இந்த மாத்திரைகளைக் கரைத்து வெளியேற்றுவது ஈரலின் நொதிகள். பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டில் உள்ள சில பொருள்கள் அவற்றில் ஒன்றைத் தடுத்து, மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கச் செய்யும். எர்லோட்டினிப்போடு அதைச் சேர்க்கக் கூடாது. புகை பிடித்தால் நேர்மாறு. புகை வேறொரு ஈரல் நொதியை முடுக்கிவிடுவதால், புகைப்பவர் இரத்தத்தில் எர்லோட்டினிப் புகைக்காதவருக்கு இருப்பதில் பாதிகூடத் தேறுவதில்லை. அடர்த்தியாக இறக்கிய மூலிகைச் சாறும் பொடியும் இந்த நொதிகளை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடைக்கானலில் வாங்கிய பாட்டிலாக இருந்தாலும், சொந்தக்காரர் கொடுத்த சூரணமாக இருந்தாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிடுங்கள். எவ்வளவு, எத்தனை வேளை என்பதையும் சொல்லுங்கள்.